கடல்கன்னியா, ஆவுளியாவா? வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் ராமநாதபுரம் கடற்கரை வாசகர்களிடம், கடலிலோ கரையிலோ பார்த்து இன்றுவரை விளங்காமல் இருப்பதை எழுதச் சொல்லியிருந்தோம். தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை கடிதங்கள் வந்துவிட்டன, வாட்ஸ்அப் குரல் பதிவுகள் தனி. 'நானே பார்த்தேன்' என்பவற்றை ஒரு பக்கமும், 'பார்த்தவர் ஒருவர் சொன்னார்' என்பவற்றை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்தேன். முதல் கட்டில் பொய் என்று தள்ள வேண்டிய கடிதம் எதுவும் இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், கதை வளர்வதெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான். இரண்டாவது கட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், அதில் ஏழு தலை நாகம்கூட இருக்கிறது.

தங்கச்சிமடம் வாசகி: என் அப்பா வத்தையில் வடகடலுக்கு (பாக் விரிகுடா) போய்வந்த காலத்தில், ஒருநாள் பொழுது மசங்கும் நேரத்தில் தலையும் தோளும் தண்ணீருக்கு மேலே தெரிய ஒரு உருவம் எழுந்து, மார்போடு ஒரு பிள்ளையை அணைத்தபடி அவரையே பார்த்துவிட்டு அப்படியே அமிழ்ந்துவிட்டதாம். அம்மாவிடம் மட்டும் சொன்னார். வெளியில் சொன்னால் 'குடிச்சிருந்தியா' என்று கேட்பார்களே என்று பயம். அது கடல்கன்னிதானா ஐயா?

அப்பா பார்த்தது நிஜம் என்று முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் ஆவுளியாவாக இருக்கும், அதாவது கடல் பசு. சுமார் மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோவரை எடை, தாழை என்று நம்மவர்கள் சொல்லும் கடற்புல்லை மேய்ந்தே வாழ்கிற பிராணி. மீன் கிடையாது, பாலூட்டி. அதனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். சில சமயம் வாலை ஊன்றி நிமிர்ந்து தலையை வெளியே நீட்டியும் மூச்சு வாங்கும். பால் காம்புகள் முன் துடுப்புகளுக்கு அடியில், கக்கத்தை ஒட்டி இருப்பதால் கன்று அங்கேதான் ஒட்டிக்கொண்டு குடிக்கும். உருண்டைத் தலை, கழுத்தும் தோளும் போன்ற வளைவு, கக்கத்தில் ஒரு குட்டி, மங்கிய வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால் பார்க்கிறவர் வேறு எதை நினைப்பார்?

உங்கள் அப்பாவுக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது. 1493 ஜனவரியில் கரீபியன் கடலில் கொலம்பஸ் மூன்று கடல்கன்னிகளைப் பார்த்ததாகவும், படத்தில் வரைகிற அளவுக்கு அவை அழகாக இல்லை என்றும் அவருடைய குறிப்பில் இருக்கிறது. அவர் பார்த்தது ஆவுளியாவின் உறவுக்காரரான மனாட்டியைத்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. நமக்கு எதிர்க்கரையில் இன்னும் சுவையான கதை உண்டு. 1560-இல் மன்னாருக்குப் பக்கத்தில் மீனவர்கள் வலையில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல் மனிதர்கள் சிக்கினார்கள், கோவாவில் இருந்த போர்த்துகீசிய வைஸ்ராயின் மருத்துவர் அவற்றை அறுத்துப் பார்த்து உள்ளே எல்லாம் மனிதரைப் போலவே இருக்கிறது என்றார் என்று ஏசு சபைப் பாதிரிமார்கள் எழுதிவைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் இந்தக் கதையை எடுத்துச் சொல்லி, மன்னார் வளைகுடாவின் ஆவுளியாக்கள்தான் இதற்கு மூலம் என்று காட்டினார். மருத்துவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மீனென்று நினைத்து அறுத்தால் நுரையீரல் இருக்கிறது, பால் சுரப்பி இருக்கிறது, கை எலும்பு போலத் துடுப்புக்குள் விரல் எலும்புகள் இருக்கின்றன. வேறென்ன எழுதுவார் பாவம்.

இதில் எனக்கு வருத்தமான பகுதி வேறு. ஒரு காலத்தில் இந்தக் கரையில் ஆவுளியா இறைச்சி வெளிப்படையாகவே விற்றது. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி விடுகிற பிராணி அந்த வேட்டையைத் தாங்குமா? இப்போது அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022-இல் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்றே காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், அப்படி விடுவிக்கிற மீனவர்களுக்குப் பாராட்டும் பரிசும் கொடுத்துவருகிறார்கள். அப்பா எந்த இடத்தில், எந்த மாதத்தில் பார்த்தார் என்பதையும் எழுதி வையுங்கள். ஆவுளியா எங்கே மேய்ந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பாம்பன் வாசகர்: வெள்ளிப் பாளம் மாதிரி நீளமாக, தலையில் சிவப்புக் கொண்டையோடு ஒரு மீன் கரைக்கு வந்தால் பூகம்பம், சுனாமி நிச்சயம் என்று எங்கள் குரூப்பில் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மா மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. நம்பலாமா அண்ணே?

நம்ப வேண்டாம், அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள். அது துடுப்பு மீன். ஆழ்கடலில் வாழ்வது, எலும்பு மீன்களிலேயே நீளமானது, எட்டு மீட்டர்வரை அளந்திருக்கிறார்கள். நோயுற்றோ நீரோட்டத்தில் சிக்கியோதான் மேலே வரும், அப்படி வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பழைய கப்பல்காரர்களின் கடல் பாம்புக் கதைகள் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பூகம்பக் கதை ஜப்பானில் இருந்து வந்தது. கடலரசன் அரண்மனையின் தூதன் என்று அங்கே இதற்குப் பெயர். 2011 மார்ச் பூகம்ப, சுனாமிப் பேரழிவுக்கு முந்தைய ஓராண்டுக்குள் அங்கே இந்த மீன்கள் சில ஒதுங்கியிருந்ததால் கதை சூடு பிடித்தது. அப்புறம் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களே உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். 1928-இல் இருந்து 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 சம்பவங்களை எடுத்து, அந்தக் காலத்து 221 நிலநடுக்கங்களோடு பொருத்தினால், ஒத்துப்போனது ஒரே ஒன்று. 2019-இல் அதை வெளியிட்டார்கள். ஒன்று பொருந்தியதே என்று கேட்பவர்களுக்கு: மீதி 335 தடவை மீன் வந்தபோது ஒன்றும் நடக்கவில்லை, அதை யாரும் வீடியோ போடவில்லை.

மண்டபம் வாசகர்: ராத்திரி துடுப்புப் போட்டால் தண்ணீரில் நீல நெருப்புப் பறந்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் கடல் பச்சையாக, கஞ்சி மாதிரி தடித்துக் கிடக்க, ஓரா, கிளி மீனெல்லாம் செத்து ஒதுங்கியது. 'பூங்கோரை வந்திருக்கு, மீன் வாங்காதே' என்கிறார் பாட்டி. கப்பல்காரன் விஷம் கொட்டிவிட்டான் என்கிறார்கள் பையன்கள். யார் சொல்வது சரி?

பாட்டிதான். நீங்கள் ராத்திரி பார்த்ததும் காலையில் பார்த்ததும் ஒரே ஆள். நாக்டிலூக்கா என்கிற ஒற்றைச் செல் உயிரி, அது பெருகிக் கிடப்பதைத்தான் பாட்டி பூங்கோரை என்கிறார். ஒற்றைச் செல் என்றாலும் கண்ணுக்குத் தெரியும், ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தால் குட்டி குட்டி ஜவ்வரிசியாக மிதப்பது தெரியும். அதைத் தொட்டால், அலை அடித்தால், துடுப்புப் பட்டால் உடலுக்குள் ஒரு வேதிவினை நடந்து நீல ஒளியைக் கக்கும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை ஒளிர்ந்து ஊரே கூடி வேடிக்கை பார்த்ததற்கும் இதுதான் காரணம். நம் பக்கம் வருவதில் பச்சை வகை அதிகம், அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அந்தப் பச்சை.

மீன் சாவது விஷத்தால் இல்லை. இந்த உயிரி அளவுக்கு மீறிப் பெருகி, பிறகு மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோகிறது, அமோனியா கூடுகிறது. பவளப்பாறைகளுக்கு நடுவே இருக்கிற மீன்களுக்குத் தப்பி ஓட நேரமிருக்காது. 2008-லும் 2019 செப்டம்பரிலும் மண்டபம், பாம்பன் பக்கத்துத் தீவுகளைச் சுற்றி இப்படித்தான் நடந்தது. செத்து ஒதுங்கிய மீனை எடுத்துச் சமைக்க வேண்டாம், பாட்டி சொன்னது அந்த விஷயத்திலும் சரி. கப்பல் மீது சந்தேகப்படுகிற பையன்களையும் முழுக்கத் திட்ட மாட்டேன். கழிவும் உரச்சத்தும் கடலில் கலந்தால் இந்தப் பெருக்கம் கூடத்தான் செய்யும், ஆனால் அது கப்பலில் இருந்து வருவதைவிட நம் ஊர்ச் சாக்கடையில் இருந்து வருவது அதிகம்.

கீழக்கரை வாசகர்: வாப்பா பழைய மர வள்ளத்தில் தங்கலுக்கு (ராத்திரி கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போனால், படுத்திருக்கும்போது அடிப்பலகைக்குக் கீழே யாரோ தட்டுவதும் முனகுவதும் கேட்குமாம். எங்கள் ஃபைபர் படகில் அப்படி ஒன்றும் கேட்பதில்லை. ஜின்கள் போய்விட்டனவா?

கேலியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் வாப்பா கேட்டது நிஜமான சத்தம். கத்தாளை வகை மீன்கள் காற்றுப்பையை ஒட்டிய தசையைத் துடிக்கவைத்து உறுமும், முனகும், அதுவும் இனப்பெருக்கக் காலத்தில் கூட்டமாக. பாறை இடுக்கில் இருக்கும் ஒரு சிறிய இறால் வகை, ஒரு பக்கத்துக் கொடுக்கைப் படீரென்று மூடித் தண்ணீருக்குள் வெடிக்கவைக்கும். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் ராத்திரி முழுக்க சடசடவென்று இருக்கும். மரப்பலகை இந்தச் சத்தத்தை அப்படியே காதுக்குக் கொண்டுவந்துவிடும்.

மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பௌர்ணமியை ஒட்டிய ராத்திரிகளில் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். மேலே சொன்ன அதே டென்னன்ட் 1848-இல் அங்கே படகில் போய், பலகையில் காதை வைத்துக் கேட்டு, மெல்லிய வீணை நரம்பு அதிர்வது போல இருந்ததாக எழுதியிருக்கிறார். பாடுவது மீனா, சிப்பியா என்று அப்போதே சண்டை. எந்த உயிர் என்று இன்றும் அடித்துச் சொன்னவர் இல்லை. உங்கள் படகில் கேட்காததற்குக் காரணம் எளிது: என்ஜினை அணைத்துவிட்டு, பாட்டையும் அணைத்துவிட்டு ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். மண்டபம் ஆராய்ச்சி நிலையத்தில் ஒருகாலத்தில் ஆவுளியாவைத் தொட்டியில் வைத்து வளர்த்து, அது எழுப்புகிற சத்தத்தைக்கூடப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே வாப்பா கேட்டதில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

தேவிபட்டினம் வாசகர்: மேகம் கடலில் இறங்கித் தண்ணீர் குடிப்பதை நாங்கள் நாலு பேர் பார்த்தோம். அந்த மழை உப்புக் கரிக்காதா?

கரிக்காது, ஏனென்றால் மேகம் குடிக்கவில்லை. நீங்கள் பார்த்தது கடல் மேல் சுழலும் காற்றுத்தூண். அதன் நடுவில் அழுத்தம் குறைந்து காற்றில் இருக்கிற ஈரப்பதம் மேகமாக உறைவதால் தூண் கண்ணுக்குத் தெரிகிறது. கடல் தண்ணீர் அடியில் கொஞ்ச உயரம் சாரலாகத் தெறிப்பதோடு சரி. அதற்காக வேடிக்கை பார்க்கக் கிட்டே போக வேண்டாம், சின்ன வள்ளத்தைக் கவிழ்த்துவிடும். அது எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்குக் குறுக்காகப் படகை விலக்கிக் கொண்டுபோங்கள்.

ராமேசுவரம் வாசகி: வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை 'கடல் உள்வாங்கியது, மக்கள் பீதி' என்று செய்தி வருகிறது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம்?

நல்ல கேள்வி. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், பெரும்பகுதி பதின்மூன்று மீட்டரைக்கூடத் தாண்டாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடும்போது, தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்றும் பலமாக வீசினால் வடகடல் கரையில் தண்ணீர் வெளியே தள்ளப்பட்டுவிடும், படகுகள் தரைதட்டி நிற்கும், சிப்பியும் பாசியும் தெரியும். அதே நேரத்தில் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அலை கொந்தளிக்கும். தண்ணீர் சில மணி நேரத்தில் மெல்ல விலகி, காற்று மாறினால் மெல்லத் திரும்பும். இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, நங்கூரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கண் முன்னே சில நிமிடங்களில் தண்ணீர் ஓடி மறைந்து, என்றும் தெரியாத தரை தெரிந்தால் கதை வேறு. படம் எடுக்காமல், மீன் பொறுக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். இன்னொன்று, சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை, நேராக ஏறிவருவதும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் பூமி குலுங்கி, அலை தமிழ்நாட்டுக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, சொல்லத்தான் ஆள் இல்லை. 2007-இல் இருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. செய்தித் தலைப்பில் 'பீதி' என்று இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அந்த மையம் எச்சரிக்கை விட்டதா என்று பாருங்கள்.

பரமக்குடி வாசகர்: ராமேசுவரத்தில் தொட்டியில் மிதக்கும் கல்லைக் காட்டுகிறார்கள். கல் மிதக்குமா?

மிதக்கும். எரிமலை கக்குகிற நுரைக்கல்லில் காற்றுப் பைகள் நிறைய இருப்பதால் மிதக்கும். 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது வெளிவந்த நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்துபோயிருக்கின்றன. காய்ந்துபோன சில பவளக் கற்களும், துளைகளில் காற்று அடைபட்டிருந்தால் கொஞ்ச காலம் மிதக்கும். இரண்டில் எது என்று தெரிய எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு போதும்: பவளமென்றால் சுண்ணாம்பு, நுரைத்துப் பொங்கும், எரிமலைக் கல்லென்றால் சும்மா இருக்கும். வழிபடுகிற கல்லில் போய்ச் சாறு பிழியாதீர்கள், அது மரியாதை இல்லை. கரையில் கிடக்கிற பவளத்தைப் பையில் போட்டுக்கொண்டும் வராதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

மதுரை வாசகர்: தனுஷ்கோடியில் ராத்திரி ரயில் சத்தம் கேட்கிறது என்று யூடியூபில் பார்த்தேன். நண்பர்களோடு இரவு தங்கிப் பதிவு செய்யலாம் என்று இருக்கிறோம். யோசனை சொல்லுங்கள்.

போகாதீர்கள் என்பதே யோசனை. இரவில் தங்க அங்கே அனுமதியும் இல்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அலை அடித்துக்கொண்டு போன பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அவர்களுடைய சொந்தக்காரர்கள் இன்றும் இந்தத் தீவில்தான் இருக்கிறார்கள், உங்கள் வீடியோவுக்கு விருப்பக்குறி போடப்போவது அவர்கள் இல்லை. இடிந்த சர்ச் சுவரிலும் நீர்த்தொட்டியிலும் காற்று புகுந்தால் சத்தம் வரும். கடல் மேல் அசையும் வெளிச்சம் படகுகளுடையது. ராத்திரித் தண்ணீர் மேலே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பக் காற்றும் படிந்திருந்தால் தூரத்துச் சத்தம்கூடக் கிட்டத்தில் கேட்கும். பகலில் போங்கள், அங்கே சங்கு விற்கிற அம்மாக்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பேய்க் கதையைவிடப் பெரிய கதை கிடைக்கும்.

ராமநாதபுரம் பள்ளி மாணவர்: ஸ்காட்லாந்து நெஸ் ஏரியில் டைனோசர் காலத்துப் பிராணி இருக்கிறதா? எங்கள் பெரிய கண்மாயிலும் ஏதோ இருப்பதாகத் தாத்தா சொல்கிறார்.

நெஸ் ஏரி சுமார் 230 மீட்டர் ஆழம், ஆனால் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த இடம் பனிப்பாறைக்கு அடியில் கிடந்தது. கழுத்து நீண்ட அந்தக் கடல் ஊர்வன செத்து ஒழிந்து 6.6 கோடி ஆண்டு ஆகிறது. நடுவில் எங்கே தங்கியிருந்ததாம்? 1934-இல் வந்த புகழ்பெற்ற புகைப்படம், பொம்மை நீர்மூழ்கியில் தலை செய்து ஒட்டி எடுத்தது என்று 1994-இல் வெளியாகிவிட்டது. 2018-இல் ஏரி முழுக்கத் தண்ணீர் எடுத்து அதில் இருக்கிற மரபணுக்களைச் சோதித்தார்கள். ஊர்வன எதுவும் இல்லை, விலாங்கு மீன் மட்டும் ஏராளம். கண்மாய் விஷயத்தில் தாத்தாவிடம் இன்னும் கொஞ்சம் கேள். முதுகில் முள்ளும் புள்ளியுமாக இருந்தால் அது மீன்தொட்டியில் வளர்த்து யாரோ கொண்டுவந்து விட்ட டேங்க் கிளீனர் மீன். தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் அது பரவி, நம் ஊர் மீன்களுக்குப் பெரும் தொல்லையாக இருக்கிறது. நெஸ்ஸியைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

வாலிநோக்கம் வாசகர்: உடம்பெல்லாம் வெள்ளை ரோமத்தோடு, கண் காது இல்லாமல் ஒரு ராட்சதச் சதைப்பிண்டம் ஒதுங்கியது. என்ன அது?

அழுகிய திமிங்கிலம். தோல் உரிந்தபின் சதைக்குள் இருக்கிற நார்கள் பிரிந்து ரோமம் போல் தெரியும். பெருஞ்சுறா அழுகினால் தாடை முதலில் கழன்று விழுந்து, மிச்சம் நீளக் கழுத்துப் பிராணி போல ஆகிவிடும். 1977-இல் நியூசிலாந்துக்கு அருகே ஜப்பானியப் படகு ஒன்று அப்படி ஒரு பிணத்தைத் தூக்கி உலகமே பரபரத்தது, கடைசியில் சுறா என்றார்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து வெடிப்பதும் உண்டு.

ஏர்வாடி வாசகி: விடியற்காலை வானத்தில் மணிமாலை கோத்த மாதிரி விளக்குகள் வரிசையாக, சத்தமே இல்லாமல் கடல் பக்கம் போயின. மாமி கையேந்தி துஆவே செய்துவிட்டார்.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்தில் இருந்து கட்டுக்கட்டாக ஏவுகிறார்கள். ஏவிய சில நாட்கள் மட்டும் இப்படி வரிசையாகத் தெரியும், பிறகு விலகி உயரத்துக்குப் போய்விடும். மாமியின் துஆ வீணாகாது, அது போகிற முகவரி வேறு.